மீட்புப் பணம்

அடகு வைத்த நகையைப் பணங்கொடுத்துத் திரும்பப் பெறுவதை 'மீட்டல்' என்கிறோம். கிறிஸ்தவ சமயத்தார் தம் சமயத்தின் உயிர்நிலையாகப் போற்றும் 'மீட்பு' என்னுஞ் சொல்லும் இவ்வழியிற் பிறந்ததேயாகும். புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் அதன் மூலச்சொல், போர்க் கைதியையும் அடிமையையும் விடுவிக்கச் செலுத்தும் பணத்தைக் குறிப்பது. மனிதன் பாவத்துக்கு அடிமைப்பட்டவன். அவனை விடுவிக்க இயேசு தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்பது அவர்தம் கொள்கை. மனிதரைச் சந்தையில் விற்ற அக்காலத்தில் இவ்வுவமையை யாருக்கும் விளக்க வேண்டியிருந்திராது. நாளடைவில் உவமை நின்றது. உவமைக்குப் பொருளாயிருந்த அடிமை மறக்கப்பட்டான். ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலேயரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று.

1725-இல் லண்டனிற் பிறந்த நியூட்டன் ஒரு கப்பல் தலைவரின் மகன். 1744-இல் கடற்படையில் வலிந்து சேர்க்கப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகனிடம் அமர்ந்து, நோயிலும் பசியிலும் கிடந்து, தாமே அடிமைபோல் இழிவுற்றார். 1748 மார்ச்சில் தாயகம் திரும்பும் வழியிற் பெரும்புயல். கப்பலுக்குள் கடல் புகுந்தது. கடவுளை எள்ளி நகையாடுவதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர், அன்று கடவுளின் கருணையை நாடினார்.

பிரசங்க மேடைகளிற் கதை பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும்: பாவி திருந்தினான், 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாட்டை இயற்றினான் என்று. உண்மை அவ்வளவு எளிதன்று. அப்பாட்டு 1773-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளுக்காக எழுதப்பட்டது. புயலுக்கும் பாட்டுக்கும் இடையே 25 ஆண்டுகள்! அவ்விடைக்காலத்தில் அவர் செய்த தொழில் யாது? 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பலின் தலைவராக மூன்று முறை கடல் கடந்தார். ஞாயிறுதோறும் மேல்தட்டில் மாலுமிகளுக்குத் தொழுகை நடத்தினார். கீழ்த்தட்டில் ஆப்பிரிக்கர் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். கலகம் நிகழுமென்று ஐயுற்றபோது, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் விரல்களைத் திருகுக் கருவியில் நெரித்ததைத் தம் கப்பற் குறிப்பேட்டில் தாமே எழுதி வைத்துள்ளார். அத்தொழிலைக் கைவிட்டதும் மனச்சான்று உறுத்தியதாலன்று. திடீரென வந்த நோயினால்.

1764-இல் அவர் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டே வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இளமையில் தாம் செய்த தெய்வ நிந்தனையைப் பக்கம் பக்கமாக எழுதி வருந்துகிறார். அடிமை வணிகத்தைப் பற்றியோ, அக்காலத்தில் அது தவறென்று தமக்குத் தோன்றவில்லை, சிறைக்காவலன் தொழில்போல் இருந்ததே சற்று வருத்தியது என்ற அளவோடு நிறுத்திக் கொள்கிறார். கடவுளுக்கு இழைத்த குற்றம் மலையாகத் தெரிந்த கண்ணுக்கு மனிதனுக்கு இழைத்த குற்றம் கடுகாகவும் தெரியவில்லை.

"அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தானே?" என்று பரிந்து பேசுவாருளர். இது பொருந்தாது. நியூட்டன் பிறப்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்னரே, 1688-இல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் வாழ்ந்த குவேக்கர்கள் அடிமைத்தனத்தை எதிர்த்து அறிக்கை எழுதினர். அவர்களும் கிறிஸ்தவர்களே. சுவிசேஷத்திலும் வழி இல்லாமற் போகவில்லை. வரி வசூலித்த சகேயு மனந்திரும்பியபோது, பாட்டுப் பாடி நிற்கவில்லை. ஏய்த்துப் பெற்றதை நான்மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். பாவமன்னிப்பைப் பாவிக்கும் கடவுளுக்கும் இடையிலான வழக்காகச் சுருக்கி, துன்புற்றவனை வெளியே நிறுத்தியது பிற்காலத்தார் வசதியென்றே நாம் கருதுகிறோம்.

எனினும் நியூட்டனுக்கு உரிய பெருமையை மறைத்தல் நேர்மையன்று. 1785-இல், அரசியலைத் துறக்கலாமா என்று கலங்கி வந்த வில்பர்போர்சைப் பொதுவாழ்விலேயே நிற்கும்படி தூண்டியவர் அவர். 1788-இல், கப்பலை விட்டு 34 ஆண்டுகள் கழிந்தபின், ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டார். தம் ஒப்புதல் காலங்கடந்து வருவதை அதிலேயே ஏற்றுக்கொண்டார். பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி கூறினார். கப்பல் தலைவராயிருந்த ஒருவரின் சாட்சியத்தைக் கேள்விப்பேச்சென்று ஒதுக்க எவராலும் இயலவில்லை. 1807 மார்ச்சில் அவ்வணிகம் சட்டத்தால் ஒழிந்தது. டிசம்பரில் அவர் மறைந்தார்.

அடிமை வணிகந்தான் ஒழிந்தது. அடிமைகள் அடிமைகளாகவே இருந்தனர். அவர்களை விடுவிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. மீட்புப் பணமும் கொடுக்கப்பட்டது: இரண்டு கோடி பவுன். யாருக்கு? அடிமைகளை உடைமையாக வைத்திருந்த முதலாளிமாருக்கு! உழைத்து ஓய்ந்தவர்க்கு ஒரு காசும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் பெரும்பாலோர் 'தொழிற் பழகுநர்' என்ற புதுப்பெயரோடு 1838 வரை அதே முதலாளிகளிடம் கட்டுண்டு கிடந்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேடினர். 1834-இல் கல்கத்தாவிலிருந்து மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். பின்னர்ச் சென்னையிலிருந்து நம்மவரும் சென்றனர். அதே ஒப்பந்த முறை பினாங்குக்கு எதிர்க்கரையில், அந்நாளைய புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழரைக் கொண்டுவந்தது. மலாயாவில் அது ஒழிந்தது 1910-இல்.

முதலாளிமாருக்குக் கொடுக்க வாங்கிய அக்கடனைப் பிரிட்டிஷ் அரசாங்கம் முற்றுந் தீர்த்தது 2015-ஆம் ஆண்டில்.