முழங்காலுக்கு மேலே வெள்ளை இருந்தா ஆகாது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா சந்தைக்குப் போயிருந்தேன். மாடு பார்க்கத்தான் போனது, பொழுதெல்லாம் குதிரைக் கொட்டாய்ப் பக்கமே போயிடுச்சு. நாலு காலும் முகமும் வெள்ளையா இருந்தா பஞ்சகல்யாணி, வீட்டுக்கு ஆகும். சுழி தப்பான இடத்துல விழுந்திருந்தா, எவ்வளவு நல்லா ஓடினாலும் விலை போகாது. இது நம்ம ஊர்ப் பைத்தியம் மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். அமெரிக்காக்காரன் கதையைப் படிச்சப்போதான் தெரிஞ்சுது, அவன் இதைச் சட்டமாவே எழுதி வச்சிருந்தான்.

கால் மைல் பந்தயத்துல பறக்கிற குதிரைக்கு அங்கே குவார்ட்டர் குதிரைன்னு பேரு. பண்ணையில மாடு மடக்கறதுக்கும் அதுதான். 1940-ல் டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் அதுக்குன்னு ஒரு சங்கம் தொடங்கினார்கள். பதிவேட்டில் சேர விதி போட்டபோது, மறை விழுந்த குதிரை வேண்டாம் என்றார்கள். முகத்தில் ஒரு எல்லை, காலில் முழங்கால் பக்கம் ஒரு எல்லை. அதைத் தாண்டி வெள்ளை ஏறினாலோ, உடம்பில் திட்டு இருந்தாலோ பதிவு கிடையாது. வெள்ளை இருந்தா ரத்தம் கலப்புன்னு ஒரு நம்பிக்கை.

ஆனா ரத்தம் இவங்க சட்டத்தைப் படிக்கலையே! பதிவான அப்பனுக்கும் பதிவான ஆத்தாளுக்கும் திடீர்னு ஒரு மறைக்குட்டி பிறக்கும். நம்ம காங்கேயம் கன்னு செவலையாப் பிறந்து, ஆறு மாசத்துல நிறம் மாறிடும். இந்தக் குட்டிக்கு அப்படி மாறாது, பிறந்த வெள்ளை பிறந்ததுதான். வேலையில அண்ணனுக்குச் சளைக்காது, கையில காகிதம் மட்டும் இருக்காது. காகிதம் இல்லாத குதிரைக்கு நல்ல விலையும் இல்லை, கண்காட்சி மைதானத்தில் இடமும் இல்லை.

1962-ல் டெக்சாஸ் கெயின்ஸ்வில்லில் ரெபெக்கா டைலர் என்ற பெண்மணியும் இன்னும் சிலரும் சேர்ந்து, தள்ளிவிட்ட அந்தக் குதிரைகளுக்கே தனிச் சங்கம் தொடங்கினார்கள். முதல் எண் பாண்டிட்ஸ் பின்டோ என்ற கறுப்பு வெள்ளைக் குதிரைக்கு. 1965-ல் இன்னொரு சங்கமும் சேர்ந்து அமெரிக்கப் பெயிண்ட் குதிரைச் சங்கம் ஆனது.

வேடிக்கை இங்கேதான். இவங்களும் எல்லை போட்டாங்க, திருப்பிப் போட்டாங்க. காலும் முகமும் கணக்கில் வராது. அதுக்கு மேலே உடம்பில் 2 அங்குல அளவுக்காவது பிறவி வெள்ளை வேணும். மேல்முடி மட்டும் வெளுத்திருந்தா போதாது, அடியில் தோலும் இளஞ்சிவப்பா இருக்கணும். தண்ணி ஊத்தி நனைச்சா தோல் நிறம் தெரிஞ்சிடும். 1956-லேயே தொடங்கின பின்டோ சங்கத்துக்கோ நிறம்தான் முக்கியம், இனம் பல இருக்கலாம். அங்கே பெரிய குதிரைக்கு 4 சதுர அங்குலம் கேட்கிறார்கள். சரி, பெயிண்ட் வம்சத்துலயே வெள்ளை இல்லாம ஒண்ணு பிறந்தா? அதைத் தனி வகையாப் பிரிச்சு வச்சாங்க. அங்கே வெள்ளை கூடினதால ஒதுங்கினவனுக்காகத் தொடங்கின இடத்துல, வெள்ளை குறைஞ்சவன் ஓரமா நின்னான்.

இதைவிடக் கொடுமை ஒண்ணு உண்டு. மறைக்குட்டிக்கு விலை அதிகம்னு மறையையும் மறையையும் சேர்த்தாங்க. டொபியானோங்கிற மறையில் இதனால ஆபத்தில்லை. ஃப்ரேம் ஓவரோன்னு இன்னொரு மறை உண்டு. முதுகைத் தாண்டாம விலாப்பக்கம் சட்டம் போட்ட மாதிரி இருக்கும். இந்த மரபணுவைச் சுமக்கிற இரண்டைச் சேர்த்தா, நாலுக்கு ஒண்ணு என்ற கணக்கில் முழு வெள்ளைக்குட்டி விழலாம். குட்டி எழுந்து நிற்கும், பாலும் குடிக்கும். ஆனா குடலை அசைக்கிற நரம்பு அதுக்கு வளர்ந்திருக்காது. சாணி போட முடியாம, வலி தாங்காம, ஓரிரு நாளில் போயிடும். கன்னு இழந்தவனுக்குத் தெரியும், தாய் எத்தனை நாள் கத்தும்னு.

1990-களின் கடைசியில் அந்த மரபணுவைக் கண்டுபிடிச்சாங்க. வெளியே வெள்ளையே தெரியாத குதிரையும் அதைச் சுமக்கலாம், கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. இப்போ பிடரி முடி நாலைப் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பிட்டுத்தான் விவரமானவங்க சேர்க்கிறாங்க.

குவார்ட்டர் குதிரைச் சங்கம் அந்த வெள்ளை விதியை 2004-ல் எடுத்துவிட்டது. அப்பன் ஆத்தா யாருன்னு டிஎன்ஏ சோதனையே சொல்லிடுதே, தோலை எதுக்குப் பார்க்கணும்! எனக்கு இது படிச்சப்போ சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தது. 64 வருஷம் எத்தனை நல்ல குதிரைகள் காகிதமில்லாம நின்னிருக்கும்.

அந்தியூரில் நான் பார்த்த ஒரு செவலைக் குட்டி, சுழி சரியில்லைன்னு சாயங்காலம் வரை விலை போகாமலே நின்னுச்சு. நல்ல நடை.