சாலையிலும் ஓடும், பந்தயத்திலும் ஓடும்: ஒரு மகிழுந்து வரலாறு



சிம்பாங் பூலாயில் வாழ்பவர்களுக்கு விரைவு மகிழுந்துகள் புதியவை அல்ல. இங்கிருந்து கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் விடுமுறை நாள்களில் அவை வரிசையாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் சில, கடையிலிருந்து வந்த உருவத்தில் இருப்பதில்லை. உடல் தாழ்ந்திருக்கும், உள்ளே இரும்புக் கூண்டு தெரியும், ஆனால் முன்னும் பின்னும் முறையான எண் பலகை இருக்கும். பந்தயத்துக்காகவே மாற்றிக் கட்டப்பட்டு, சாலையில் ஓடவும் சட்டப்படி அனுமதி பெற்ற வண்டிகள் அவை. 'பணக்காரர்களின் பொழுதுபோக்கு' என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் இவ்வண்டிகளின் வரலாறு, உண்மையில் பணமில்லாதவர்களிடம் தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

முதலில் ஒரு கேள்வி. பந்தய வண்டிக்குச் சாலையில் ஓடும் தகுதி எதற்கு? விடை மிக எளிது. வசதியுள்ளவர் தம் பந்தய வண்டியை மற்றொரு பார வண்டியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டு செல்வார். வசதியில்லாதவரிடம் இருப்பது ஒரே வண்டி. அதிலேயே திடலுக்குப் போக வேண்டும், அதிலேயே போட்டியிட வேண்டும், அதிலேயே வீடு திரும்ப வேண்டும். மறுநாள் வேலைக்குச் செல்லவும் அதுவேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் இந்நிலையில் இருந்த இளைஞர்களுள் ஒருவர் காலின் சாப்மன். இலண்டனில் பொறியியல் பயின்றுகொண்டிருந்த அவர், பழைய ஆஸ்டின் 7 மகிழுந்து ஒன்றைப் பிரித்தார். 1922இல் அறிமுகமான ஆஸ்டின் 7, சாதாரணக் குடும்பங்களுக்கான சிறு வண்டி. ஆயினும் பந்தயங்களிலும் அது ஓடியதுண்டு. சாப்மன் அதன் சட்டகத்தின்மேல் ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதிய உடலைக் கட்டினார். பணி நடந்த இடம், பின்னாளில் அவர் மணந்த பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கொட்டகை. 1948இல் உருவான அவ்வண்டியே லோட்டஸ் என்னும் பெயர் பெற்ற முதல் வண்டி.

1957இல் அவர் வெளியிட்ட லோட்டஸ் 7, இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் தாய் எனலாம். கூரையில்லை, கதவில்லை, எடை ஏறத்தாழ அரை டன். முழு வண்டியாக வாங்கினால் அரசாங்கத்துக்கு விற்பனை வரி கட்ட வேண்டும். உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. ஆகவே ஆசிரியரும் எழுத்தரும் பட்டறைத் தொழிலாளரும் தம் வீட்டு வாசலில் அதனைப் பூட்டினர். 1973இல் அவ்வரிச் சலுகை முடிவுற்றபோது, அவ்வண்டியைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது.

அதே காலத்தில் தமிழகத்தில் நடந்ததைப் பார்ப்போம். விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் வெளிநாட்டு மகிழுந்து இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 1960களில் ஒருவர் புதிதாக வாங்கக்கூடியவை பெரும்பாலும் மூன்றே: வங்காளத்தில் செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் குடும்ப வண்டிகள்.

ஆனால் பந்தய ஆசை மட்டும் இருந்தது. 1953இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போரின்போது போடப்பட்ட விமான ஓடுதளம் வீணாகக் கிடந்தது. அவ்வோடுதளமே பந்தயத் தடமாயிற்று. போர்க்காலத்தில் அமைத்த தரையில் குடும்ப மகிழுந்துகள் போட்டியிட்டன. சோழவரம் என்ற சிற்றூரின் பெயர் இந்தியா முழுவதும் பந்தயப் பெயராக நிலைத்தது.

அம்மூன்று வண்டிகளுள் ஹெரால்டின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என வெளிவந்த இவ்வண்டி, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தால் செய்யப்பட்டது. இதற்குத் தனிச் சட்டகம் உண்டு. உடல் அதன்மேல் திருகாணிகளால் பூட்டப்பட்டது. உடலைக் கழற்றினாலும் சக்கரம், இயந்திரம், திசைமாற்றி எல்லாம் சட்டகத்திலேயே நிற்கும். அதன்மேல் வேறோர் உடலை ஏற்றலாம். 1962இல் டிரையம்ப் நிறுவனமே இச்சட்டகத்தைச் சுருக்கி, ஸ்பிட்ஃபயர் என்ற இரு இருக்கை விளையாட்டு மகிழுந்தைச் செய்தது. குடும்ப வண்டியின் வயிற்றில் ஒரு விளையாட்டு வண்டி ஒளிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சோழவரத்திலும் ஹெரால்டுகள் மாற்றிக் கட்டப்பட்டு ஓடின.

இம்மாற்றத்தின் அடிப்படையை ஒரு வகுத்தல் கணக்கால் விளக்கிவிடலாம். ஹெரால்டின் எடை ஏறத்தாழ 800 கிலோ, 948 சி.சி. இயந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 35 குதிரைத்திறன். ஒரு குதிரை சுமக்க வேண்டியது ஏறத்தாழ 23 கிலோ. இருக்கைகளையும் கதவு உள்தகடுகளையும் தேவையற்ற பிற பாகங்களையும் நீக்கி, மெல்லிய உடலைப் பூட்டி, எடையை 600 கிலோவாகக் குறைத்தால் அதே குதிரைக்கு 17 கிலோதான். எடையைக் குறைக்காமல் இந்த நிலையை எட்ட வேண்டுமானால் இயந்திரத்தின் ஆற்றலை 47 குதிரைத்திறனாக உயர்த்த வேண்டும். அதற்குச் செலவு மிகுதி. எடையைக் குறைக்க அரமும் இரம்பமும் பொறுமையும் போதும். ஆறாம் ஆண்டு மாணவருக்கு வகுத்தல் கற்பிக்க இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வேகம் மட்டும் கூடினால் போதுமா? போதாது என்பதையும் ஹெரால்டே கற்பித்தது. அதன் பின் சக்கரங்களைத் தாங்கிய அச்சுகள், நடுவிலிருந்து பறவைச் சிறகுபோல் மேலும் கீழும் அசையும் அமைப்புடையவை. வளைவில் மிக விரைந்து திரும்பினால் பின் சக்கரம் உட்புறம் மடங்கி வண்டி நிலை தடுமாறும். எனவே வேகத்தைக் கூட்டியவர் பின் வில்லையும் திருத்த வேண்டியிருந்தது; நிறுத்தியையும் வலுவாக்க வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் அதனோடு இணைந்த அனைத்தையும் எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும். ஹெரால்டுக்குப் பின் வந்த கசல் வண்டியில், இந்தியச் சாலைகளைக் கருதி அச்சிறகு அச்சை நீக்கி ஒரே உறுதியான அச்சைப் பொருத்தினர்.

இவ்வழியில் வந்தவர்களுள் தலையாயவர் கோயம்புத்தூரின் சுந்தரம் கரிவரதன். இலட்சுமி ஆலைக் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர். அவர் விரும்பியிருந்தால் வெளிநாட்டு வண்டிகளை ஓட்டுவதோடு நின்றிருக்கலாம். அவரோ, வசதி குறைந்த இளைஞரும் ஓட்டக்கூடிய பந்தய வண்டியை உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டே செய்ய முனைந்தார். 1983இல் வெளிவந்த மாருதி 800, இந்திய நடுத்தரக் குடும்பங்களின் வண்டி. அதன் 796 சி.சி. மூன்று உருளை இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, 1988இல் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். அது சாலையில் ஓடும் வண்டி அன்று. ஆயினும் அதன் இதயம் சாலையிலிருந்து வந்தது.

1990இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அங்கே ஃபார்முலா மாருதியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டிய சிறுவர் நரேன் கார்த்திகேயன். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் மறைந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 2005இல், நரேன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் நம் சிப்பாங் தடத்திலும் ஓடிப் பதினோராவதாக வந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் வட்டாரத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் பெரும் பந்தயம் நடந்தது. 1962இல் அதனை வென்ற யோங் நாம் கீ ஓட்டியது ஜாகுவார் இ-டைப். கடையில் விற்கப்பட்ட சாலை வண்டிதான். ஆனால் அப்பந்தயம் நடந்தது பொதுச் சாலையில். 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உயிர்கள் பலியாயின. அத்துடன் பந்தயம் நிறுத்தப்பட்டது. மலேசியாவிலோ 1968இலேயே ஷா ஆலாம் பத்து தீகாவில் மூடிய தடம் அமைக்கப்பட்டிருந்தது. இன்று அத்தடம் இல்லை. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் இருக்கிறது.

சாப்மனின் லோட்டஸ் நிறுவனமும் நம்மிடம் வந்தது. 1996இல் புரோட்டோன் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2004இல் நம் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஜென்-2 வண்டியின் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தியவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். 2017இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் கீலி நிறுவனத்துக்குச் சென்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்த இலண்டன் கொட்டகையின் அறிவு நம் நாட்டின் சொத்தாக இருந்தது.

இவற்றையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. முன்னாள் தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வரும் நம் சிறுவர்கள் பலர், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் மோட்டார் சைக்கிளைப் பிரிக்கத் தொடங்குகின்றனர். ஓசைக்குழாயை மாற்றுகின்றனர், எடையைக் குறைக்கின்றனர், இரவில் சாலையில் சோதித்துப் பார்க்கின்றனர். அவர்களுள் சிலரை நாம் இழந்தும் இருக்கிறோம். 'மாட் ரெம்பிட்' என்று பெயர் சூட்டி ஒதுக்குவது எளிது. ஆனால் பிரித்துப் பார்க்கும் அக்கையும், சாப்மனின் கையும், சோழவரத்து இளைஞர்களின் கையும் ஒன்றே. வேறுபாடு இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

முதலாவது, அவர்கள் மாற்றியதைக் கணக்கிட்டு மாற்றினர். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்தியை மறந்தவன் கைவினைஞன் ஆகமாட்டான். இரண்டாவது, அவர்கள் போட்டியிட்டது போட்டிக்கென ஒதுக்கிய இடத்தில். சாலைக்கு வந்தபோது அவ்வண்டிகள் சாலையின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டன. நம் நாட்டிலும் இயந்திரத்தை மாற்ற வேண்டுமானால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதலைத் தடையாக அன்றி, 'உன் வேலையை இன்னொரு பொறியாளர் சரிபார்க்கிறார்' என்று பிள்ளைகளுக்கு விளக்கினால் அவர்கள் கேட்பார்கள்.

எனவே பெற்றோர்களே, உங்கள் மகன் எண்ணெய்க் கறையோடு வீடு வந்தால் முதலில் அவன் எதைக் கழற்றினான், ஏன் கழற்றினான் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தால் தொழிற்கல்லூரியில் வாகனத் துறைப் பயிற்சி எங்கே உள்ளது என்று விசாரியுங்கள். 'படிப்பு வராதவன் போகுமிடம்' என்று அதனைச் சொல்லாதீர்கள். ஆசிரியர்களே, கணித வேளையில் அந்த 800 கிலோவையும் 35 குதிரைகளையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். பின் வரிசையில் எப்போதும் உறங்கும் மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்காரக்கூடும்.