இதயத்துக்கு மோட்டார் வெச்சாச்சு, பேட்டரி மாத்தறது யாரு?

1/ மோட்டார் பம்பைப் பத்தி கோயம்புத்தூர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லைங்க. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததுல இருந்து நம்ம தோட்டத்துக் கிணத்துல மோட்டார்தான். நடுராத்திரி கரண்ட் வந்தாலும் எந்திரிச்சுப் போய் சுவிட்ச் போட வீட்டுல ஓர் ஆள் வேணும். இதயத்துக்கு வெக்கிற பம்புக்கும் அப்படி ஓர் ஆள் வேணும். இந்த திரெட் அவங்களைப் பத்தி.

2/ இடது கீழறை பலவீனமானா, அதுல இருந்து ரத்தத்தை எடுத்து மகாதமனிக்குத் தள்ளற கருவிதான் எல்வேட். 1966-ல ஹூஸ்டன்ல டாக்டர் டிபேக்கி ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார். 10 நாள்ல இதயம் தேறிடுச்சு, கருவியைக் கழட்டிட்டாங்க. பார்த்துக்கிட்டது முழுக்க ஆஸ்பத்திரி.

3/ 1982-ல அமெரிக்காவுல பார்னி கிளார்க்குக்கு முழு செயற்கை இதயமே வெச்சாங்க. அதை இயக்கின மெஷின் சுமார் 180 கிலோ! 112 நாள் வாழ்ந்தார். வீடு திரும்பவே இல்லை.

4/ 1991-ல அதே ஹூஸ்டன்ல பேட்டரியில ஓடற எல்வேட் வந்தது. 1998-ல அமெரிக்க அரசு அனுமதி கிடைச்சு நோயாளிகள் வீட்டுக்குப் போனாங்க. கூடவே நர்ஸ் வேலையும் வீட்டுக்குப் போச்சு: பேட்டரி சார்ஜ், வயித்துல வயர் வெளிய வர்ற இடத்துக்குச் சுத்தமா டிரெஸ்ஸிங், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அலாரம் அடிச்சா ஓடறது.

5/ 2001-ல வெளியான 129 பேர் ஆய்வுல, ஒரு வருஷம் கழிச்சு பம்ப் வெச்சவங்கள்ல 52% உயிரோட இருந்தாங்க. மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 25%. அந்த 52-க்குப் பின்னாடி எத்தனை மனைவி, அம்மா, மகன் தூங்காம இருந்திருப்பாங்க!

6/ அப்புறம் வந்த பம்புகள் நம்ம மோட்டார் மாதிரியே நிக்காம சுத்தறவை. அதனால பல பேருக்கு நாடித்துடிப்பு கையில தெரியாது. 108-ல வர்றவங்ககிட்ட "இவருக்கு பம்ப் இருக்குங்க, பல்ஸ் கிடைக்காது"ன்னு சொல்ல வேண்டியதும் வீட்டு ஆள்தான்.

7/ இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்று 1994-ல, டெல்லி எய்ம்ஸ்ல. இன்னைக்கும் தானமா இதயம் கிடைக்கக் காத்திருக்கணும். அதனாலதான் சென்னையில எல்வேட் பொருத்தறாங்க. செலவு பல லட்சம். ஆபரேஷனுக்கு முன்னாடி கேக்கற முக்கியமான கேள்வி: "வீட்டுல யார் பார்த்துக்குவாங்க?" ஆள் இல்லைன்னா பம்ப் வெக்கவே யோசிப்பாங்க.

8/ 2012 மின்வெட்டு ஞாபகம் இருக்குங்களா? இந்த பம்புக்கு கரண்ட் போனா பேட்டரி, பேட்டரி தீர்ந்தா இன்னொரு பேட்டரி. ஒரே ஆள் வருஷக்கணக்கா இதைச் சுமக்க முடியாதுங்க. குடும்பத்துல ரெண்டு பேராவது கத்துக்கோங்க. நலம் விசாரிக்கப் போறவங்க, பக்கத்துல நிக்கிற அக்காகிட்டயும் "தூங்கினீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. முடிஞ்சா ஒரு ராத்திரி அவங்க இடத்துல நீங்க முழிச்சிருங்க.