கூகுளில் தேடத் தெரியாத மேதை

2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்தபோது அதற்கு எல்லாம் தெரியும், 2021 செப்டம்பர் வரை! அப்புறம் நடந்ததைக் கேட்டால் கைவிரிக்கும், அல்லது அடித்துவிடும்.

ஒரே வாரத்தில் பெர்ப்ளெக்சிட்டி வந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவர் நம்ம சென்னைக்காரர், ஐஐடி மெட்ராஸில் படித்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ். கேள்வியை முதலில் இணையத்தில் தேடி, கிடைத்த பக்கங்களைப் படித்துப் பதில் எழுதி, எங்கே எடுத்தது என்று எண் போட்டுக் காட்டும். (அசைன்மென்டில் அடிக்குறிப்பு கேட்பதும் இதற்குத்தானே!)

சாட்ஜிபிடிக்கும் 2023-ல் தேடும் வசதி வந்தது. கேட்டால் அடுத்தவர் பக்கத்தை முழுசாகவே ஒப்பிக்கிறது என்று ஜூலையில் நிறுத்தி, செப்டம்பரில் திரும்பக் கொடுத்தார்கள்.

எண் போட்டால் மட்டும் போதுமா? எங்கள் பக்கத்துக்கு ஆளே வராமல் செய்கிறார்கள் என்று 2024 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நடத்தும் டவ் ஜோன்ஸ் பெர்ப்ளெக்சிட்டி மீது வழக்குப் போட்டது. நியாயமான கோபம்தான். வழக்கு நடக்கும்போதே, 2025 ஜூலையில், ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு அதை ஒரு வருடம் இலவசம் என்று அறிவித்தது.