மலைமேல் ஒரு வீட்டுப்பள்ளி: குடும்பக் கல்வி பற்றிய கத்தோலிக்கக் கொள்கையும் கொல்லிமலைப் பெற்றோரும்

கொல்லிமலையில் நடந்த வீட்டுக்கல்விகளுள் நமக்கு விரிவாகப் பதிவாகிக் கிடைப்பது ஒரு குடும்பத்தினுடையது. அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் சபையார். ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து மலையேறினார்கள். வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக் குடியமர்ந்தார்கள். 1914இல் மகன் பால் பிறந்தார். பிறகு மகள் கானி. சாலை இல்லை, வண்டி இல்லை, ஆங்கிலப் பள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1923இல் தன் ஒன்பதாம் வயதில் கப்பலேறும்வரை பாலுக்குத் தாயே ஆசிரியை. அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

கத்தோலிக்கக் கொள்கையை ஆராயப் புறப்பட்டவர் பாப்டிஸ்ட் வீட்டுக்குள் ஏன் நுழைய வேண்டும்? அந்தக் கொள்கை அமைந்துள்ள விதமே காரணம். பிள்ளைகளுக்கு முதல் ஆசான் பெற்றோர் என்று திருச்சபை சொல்லும்போது, அதைத் திருமுழுக்கின் பேறாக மட்டும் சொல்வதில்லை. பிள்ளையைப் பெற்றதாலேயே எழும் உரிமை, இயற்கை நீதி என்றுதான் சொல்கிறது. அப்படியானால் அது ஈவ்லினுக்கும் பொருந்தும். அதே கொல்லிமலையின் அரியூர் நாட்டில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடித் தாய்க்கும் அதே அளவில் பொருந்தியாக வேண்டும். இரண்டாவது பொருத்தத்தைப் பற்றி நம் கத்தோலிக்கக் கல்வி விவாதங்களில் அதிகம் பேச்சில்லை. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

கொள்கையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிக்கே அனுப்பவேண்டும் என்று சட்டம் போட்டது. கத்தோலிக்க அருட்சகோதரிகள் வழக்காடினர். 1925இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. நான்கு ஆண்டு கழித்து, 1929 டிசம்பரில், கல்வி குறித்துச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டிப் பெற்றோர் உரிமையை நிலைநாட்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறித்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை அதை மீண்டும் உறுதிசெய்தது. 1981இல் இரண்டாம் யோவான் பவுல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில் அவ்வுரிமை பறிக்க முடியாதது, பிறர் கையில் முழுதாக ஒப்படைக்கவும் முடியாதது என்றார். 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (1136ஆம் சட்டம்) உடல், சமூகம், பண்பாடு, ஒழுக்கம், சமயம் என ஐந்தையும் பெற்றோரின் மிகக் கடுமையான கடமை என்கிறது. பிள்ளையின் உடல்நலமும் மனநலமும் படிப்பிலிருந்து தனியே பிரிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

1980களில் அமெரிக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இந்த வரிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளியைவிட்டு வெளியேறின. அஞ்சல்வழிப் பாடத்திட்டங்கள் வந்தன. சமையலறை மேசை வகுப்பறையானது. தாய் முழுநேர ஆசிரியையானாள். அதில் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பள்ளியில் நசுங்கிப்போன பல பிள்ளைகள் அங்கே மூச்சு விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வாசிப்பு 1981 மடலின் 40ஆம் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறது. குடும்பமே முதற் கல்விக்கூடம், ஆனால் அது ஒன்று மட்டுமே கல்விக்கூடம் அல்ல என்று அங்கே தெளிவாக இருக்கிறது. 1965 அறிக்கையும் குடும்பத்துக்குச் சமுதாயம் முழுவதன் துணை தேவை என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுகிறது. பெற்றோரின் முதன்மையை வைத்துப் பிறரிடம் உதவி கேட்கவும் செய்யலாம், பிறரை விலக்கவும் செய்யலாம். கொள்கை சொல்வது முன்னதை.

பிராண்ட் வீட்டுக்குத் திரும்புவோம். பால் நான்கு சுவருக்குள் அடங்காத பையன். மரக்கிளையில் உட்கார்ந்தே பாடம் எழுதத் தாய் அனுமதித்தார். எழுதி முடித்த தாள் கீழே வரும், அவர் திருத்துவார். எழுத்தும் கணக்கும் வேதாகமமும் தாய் வழி வந்தன. தந்தை வழி வந்தது வேறு. ஜெஸ்ஸி மருத்துவம் படித்தது ஓராண்டுதான். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், நரம்புச் சிலந்தி எடுத்தார். மகன் பக்கத்தில் நின்று பார்த்தான். நடந்துபோகிற வழியில் கறையான் புற்று தென்பட்டால் பிளந்து உள்ளே இருக்கும் அறைகளையும் வளைவுகளையும் காட்டுவார். பால் தன் நூல்களில் திரும்பத் திரும்ப நன்றியோடு நினைத்துக்கொள்வது இந்த நடைகளைத்தான்.

மூன்றாவது ஆசிரியர் ஒருவரும் இருந்தார். 1980களில் எழுதிய 'ஒரு கைப்பிடிச் சேறு' என்னும் கட்டுரையில், தென்னிந்திய மலையில் கழிந்த தன் சிறுவயதில் நடந்ததைப் பால் விவரிக்கிறார். பையன்கள் கூட்டமாக நெல்வயலில் இறங்கித் தவளை பிடிக்கிறார்கள். நாற்று மிதிபடுகிறது, கலங்கிய தண்ணீர் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்கு இறங்குகிறது. எல்லாரும் தாத்தா என்று அழைக்கும் முதியவர் வருகிறார். அவர் அடிக்கவில்லை. ஒரு பிடி சேற்றை அள்ளிக் கையில் வைத்து, இது என்ன என்று கேட்கிறார். இந்தச் சேறுதான் தன் பாட்டன்மாருக்கும் சோறு போட்டது, பேரப்பிள்ளைகளுக்கும் போடும். தண்ணீரோடு மலையைவிட்டு இறங்கிய சேறு திரும்பி ஏறி வராது என்று விளக்குகிறார். தெளிந்த தண்ணீர் போகலாம், கலங்கிய தண்ணீர் போகக்கூடாது. மண் அரிப்பைப் பற்றி உலக அரங்குகளில் பேசும் வயதிலும் பால் பிராண்ட் கைக்கொண்டிருந்த பாடம் இது. பாப்டிஸ்ட் மிஷனரி வீட்டின் சிறந்த பாடங்களுள் ஒன்றை நடத்தியவர் அந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்லர்.

பிராண்ட் வீட்டைக் கட்டுப்பாடான தாய் நடத்திய தனிவகுப்பாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். பாடம் நடந்தது வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில். தமிழ் பேசிய விளையாட்டுத் தோழர்கள், தாத்தா, தந்தையிடம் வந்த நோயாளிகள் எல்லாரும் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். அதற்கு ஒரு பொருளாதார அடிப்படையும் இருந்தது. ஈவ்லின் காடு கழனிக்குக் கூலிக்குப் போகவேண்டியதில்லை, சாமை குத்தவேண்டியதில்லை. கற்பிக்கத் தாய்க்கு நேரம் இருந்தது.

அந்த வீட்டுக்கல்வி முடிந்த விதமும் நம் வாதத்துக்கு வேண்டும். 1923இல் இங்கிலாந்து சென்ற பெற்றோர், இரு பிள்ளைகளையும் அங்கே பாட்டியிடமும் தாயின் சகோதரிகளிடமும் விட்டுவிட்டுப் பிறகு மலைக்குத் திரும்பினர். காலனிய நாட்களின் வழக்கம் அது. பலர் அதைக் கொடுமை என்று எண்ணவில்லை. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் முந்திக்கொண்டு வந்தது. அதற்குமுன் அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்து சேர்ந்தன. பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பையன் இறந்த தந்தையின் கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தான். லண்டன் பள்ளியில் பால் பெரிதாகச் சோபிக்கவில்லை. பதினாறில் கட்டட வேலை பழகப் போனார், மருத்துவம் அதற்குப் பிறகே வந்தது. பிள்ளையின் நலம் என்று நாம் சொல்வதைப் பிராண்ட் பெற்றோர் ஒன்பது ஆண்டுகள் அருமையாகக் காத்தார்கள். பிறகு மேற்படிப்புக்காக அதைப் பணயம் வைத்தார்கள். வீட்டுக்கல்வியைப் போற்றுவோர் முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

பாப்டிஸ்ட் வீட்டை விட்டுக் கத்தோலிக்க வீடுகளுக்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கரிடையே வீடே மறைக்கல்விக் கூடமாக நின்ற பெரிய காலம் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு பள்ளி எழுந்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் திருமணமே சிக்கல். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்திறங்கியபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டு குருவையே காணாத குடும்பங்கள் அங்கே இருந்தன. கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டு, அதைப் பார்க்கும் கண்களை வைத்தே தம் மக்களை அவர் இனங்கண்டார் என்பர். இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பகலில் ஒல்லாந்தரின் பள்ளியில் அவர்களது சபையின் மறைபாடத்தை ஒப்பித்தார்கள். கத்தோலிக்கச் செபங்கள் உயிரோடிருந்தது வீட்டில். ஆனால் வீடு தனித்து நிற்கவில்லை. வாஸ் ஊருக்கு ஊர் பொதுநிலையினரைத் தலைவராக அமர்த்தினார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், குரு இல்லாத இடத்தில் கூடி வாசிப்பதற்கேற்பத் தமிழில் நூல்கள் எழுதிக் கொடுத்தார். தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. குடும்பத்தை முதல் ஆசிரியராக மதித்த திருச்சபை அன்று செய்த வேலை இது: வீட்டுக்கு நூல் கொடுத்தது, வழிநடத்த ஆள் கொடுத்தது.

இனி அரியூர் நாடு. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை வட்டத்தின் நாடுகளுள் ஒன்று. சில்வர் ஓக்கில் படரும் மிளகும் காப்பியும் மரவள்ளியும், அவற்றிடையே சுருங்கிக்கொண்டு வரும் சாமையும் ராகியும். இங்குள்ள மலையாளிப் பெற்றோரிடம் வீட்டுக்கல்வி பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். ஆயினும் அவ்வீடுகளில் கல்வி நடந்துகொண்டேதான் இருக்கிறது. பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலச் சாமை என்று விதைகளைப் பிரித்தறிவது, எதை எந்த நிலத்தில் இறைப்பது என்று முடிவுசெய்வது, அடுத்த பருவத்துக்கு எதை ஒதுக்கிவைப்பது எல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் பாடங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானிய வகைகளைக் காக்க முனைந்தபோது இந்த அறிவைத்தான் தேடிப்போனது. சாமையை உரலில் குத்தும் பாடு பெண்களின் நாளைத் தின்றது என்பதையும் அது கண்டு, அரைவை எந்திரங்களைக் கொண்டுவந்தது. வீட்டில் பிள்ளையின் கல்விக்குத் துணைநிற்பது எப்படி என்று அறிவுரை எழுதும் நாம் எந்திரத்தை அதில் சேர்ப்பதில்லை. எனக்கென்னவோ, தாயின் கையில் ஒரு மணிநேரத்தை மீட்டுக்கொடுத்த எந்திரம், பெற்றோருக்கான பல கருத்தரங்குகளைவிட மேலானது.

மலைப்பகுதிகளில் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்கு வெளியூர் போகும் வீடுகளுக்கு இது பெரும் ஆறுதல். சோறும் கூரையும் உறுதி. இப்பள்ளிகளை இழித்துப் பேசுவது எளிது, நியாயமன்று. இருந்தும் பிராண்ட் பெற்றோர் கொடுத்த அதே விலையைத்தான், சிறு அளவில், இந்தப் பெற்றோரும் கொடுக்கிறார்கள். பிள்ளை படிக்கவேண்டுமானால் வீட்டைவிட்டுப் போகவேண்டும். இடையில் ஒரு வித்தியாசம்: பால் பிராண்டின் தாய் படித்தவர். கையெழுத்துக்குத் தடுமாறும் தந்தை ஆசிரியர் முன் கைகட்டி நிற்கிறார். பிள்ளை எழுத்து கூட்டிப் படிக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும், ஊர்க்கதையைத் தம் பேச்சிலேயே சொல்வதும், பிள்ளையின் முகவாட்டத்தை முதலில் காண்பதும் கல்வியே என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுக்கல்வியை அது தனியே ஏற்கவும் இல்லை. மீறும் பெற்றோருக்குத் தண்டனையும் விதிக்கவில்லை. நகரத்தில் வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுகளைப் பயன்படுத்திக்கொள்கின்றன. இந்த வழி மலைக்குப் பயன்படாது. மலைக்குப் பயன்படுவது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப்பேர் பெண்கள். பெற்றோரே முதல் ஆசிரியர் என்ற கொள்கைக்கு இந்தியச் சட்டத்தில் இதைவிட நெருங்கிய வடிவம் இல்லை.

இங்கேதான் கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி எழுகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழுவை ஆலோசனை சொல்வதோடு நிறுத்தியது. 2014 மே மாதத்தில் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தே விலக்கியது. நிர்வாகத் தன்னுரிமையைக் காக்க அந்த விலக்கு வேண்டியிருக்கலாம். அரசமைப்பின் 30ஆம் உறுப்பு தரும் உரிமையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் விளைவு ஒன்றுண்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் அரியூர் நாட்டுப் பிள்ளையின் தாய்க்குக் குழுவில் உட்காரச் சட்டப்படி நாற்காலி உண்டு. சேலம் மறைமாவட்டமோ வேறெந்த மறைமாவட்டமோ நடத்தும் பள்ளியில் அதே தாய்க்கு அந்த நாற்காலியைத் தரவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் வற்புறுத்துவதில்லை. அதற்கான கடப்பாடு, 1136ஆம் திருச்சபைச் சட்டம் வலியுறுத்தும் பெற்றோரின் முதன்மையிலிருந்தே எழுகிறது. அதை நிறைவேற்ற அரசாணை தேவையில்லை. வெளிவாசலில் நிற்கவைக்காமல் பெற்றோரை உள்ளே அழைக்கும் விடுதி, சாமை விதைப்புக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி அதையும் பாடக்கணக்கில் சேர்க்கும் பள்ளி, எழுதப் படிக்கத் தெரியாத தாயையும் உறுப்பினராகக் கொண்டு அவர் பேச்சைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியும் குழு ஆகியவற்றை எந்தப் பங்குக்குருவும், எந்தத் தலைமையாசிரியரும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.