எடைப் பயிற்சியில் இடை ஓய்வு

எடைப் பயிற்சியில் இடை ஓய்வு என்பது, செட் எனப்படும் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கும் முன் பயிற்சியாளர் எடுத்துக்கொள்ளும் ஓய்வு நேரம் ஆகும். இது பொதுவாக 30 நொடிகள் முதல் 5 நிமிடங்கள் வரை அமையும். இந்த இடைவெளியின் நீளம் தசை உயிரணுக்களின் ஆற்றல் மீட்பையும் புரத உருவாக்கத்தையும் பாதிக்கிறது.

ஆற்றல் மீட்பு

தசை சுருங்குவதற்கான ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு வழங்குகிறது. உயிரணுவில் இருக்கும் ஏ.டி.பி. சில நொடிகளுக்கு மட்டுமே போதுமானது. செலவான ஏ.டி.பி.யைக் கிரியேட்டின் பாஸ்பேட்டு உடனுக்குடன் புதுப்பிக்கிறது. கடினமான ஒரு சுற்றின் முடிவில் கிரியேட்டின் பாஸ்பேட்டின் அளவு பெரிதும் குறைந்துவிடும். ஓய்வின் முதல் ஒரு நிமிடத்திற்குள் அதன் பெரும்பகுதி விரைவாக மீள்கிறது. எஞ்சியது மெதுவாக மீள்வதால், ஏறத்தாழ முழுமையான மீட்புக்கு 3 முதல் 5 நிமிடங்கள் தேவைப்படுகின்றன.

இந்த மீட்புக்கு ஆக்சிசன் இன்றியமையாதது. 1976-இல் ஹாரிஸ், ஹல்ட்மன் முதலியோர் தொடைத் தசையில் செய்த ஆய்வில், இரத்த ஓட்டம் தடுக்கப்பட்டபோது கிரியேட்டின் பாஸ்பேட்டு மீளவில்லை. சுற்றின்போது சேரும் ஐதரசன் அயனிகளால் உயிரணுவின் அமிலத்தன்மை உயர்வதும் மீட்பைத் தாமதப்படுத்துகிறது.

இயக்குநீர் கருதுகோள்

ஒரு நிமிட அளவிலான குறுகிய ஓய்வு, பயிற்சிக்குப் பின் குருதியில் வளர்ச்சி இயக்குநீரின் அளவைக் கூடுதலாக உயர்த்துகிறது. இதனால் குறுகிய ஓய்வே தசையைப் பெருக்கும் என நீண்ட காலம் நம்பப்பட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தசைப் பெருக்கத்தை நாடும் தொடக்க நிலையினருக்கு 1 முதல் 2 நிமிட ஓய்வையே பரிந்துரைத்தது. ஆயினும் சிறிது நேரமே நீடிக்கும் இவ்வுயர்வுக்கும் தசை வளர்ச்சிக்கும் வலுவான தொடர்பு இல்லை எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

புரத உருவாக்கம்

2016-இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 இளம் ஆண்களைக் கொண்டு 1 நிமிட ஓய்வையும் 5 நிமிட ஓய்வையும் ஒப்பிட்டனர். பயிற்சிக்குப் பிந்தைய முதல் 4 மணி நேரத்தில், சுருங்கும் தசைப் புரதங்களின் உருவாக்கம் 1 நிமிடக் குழுவில் 76 விழுக்காடும் 5 நிமிடக் குழுவில் 152 விழுக்காடும் உயர்ந்தது. புரத உருவாக்கத்தைத் தூண்டும் உயிரணுச் சமிக்ஞைகளும் குறுகிய ஓய்வில் மட்டுப்பட்டிருந்தன.

அதே ஆண்டில் பிராட் சோன்ஃபெல்டு குழுவினர், ஏற்கனவே பயிற்சி பெற்ற 21 ஆண்களிடம் 8 வாரங்கள் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். இதில் 1 நிமிடத்தைவிட 3 நிமிட ஓய்வு வலிமையையும் தசைத் தடிமனையும் கூடுதலாக வளர்த்தது.

பயன்பாடு

குறுகிய ஓய்வில் மீட்பு முழுமையடையாததால், அடுத்த சுற்றில் தூக்கும் எண்ணிக்கை குறைகிறது. மொத்த வேலையளவும் குறைகிறது. எனவே தசையில் உணரப்படும் எரிச்சலையோ களைப்பையோ மட்டும் வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ள இயலாது. குந்துதல் போன்ற பல மூட்டுப் பயிற்சிகளில் அதிக எடை தூக்கும்போது 2 நிமிடங்களுக்குக் குறையாத ஓய்வு பொருத்தமானது. நேரம் குறைவாக உள்ளபோதும், தசைத் தாங்குதிறனை வளர்ப்பதே நோக்கமாக உள்ளபோதும் குறுகிய ஓய்வு பயன்படுகிறது.