மீனவர்களுக்கான உடனடித் தகவல் தொடர்பு

புயல், அலை உயரம், மீன்வளம், ஆபத்து பற்றிய செய்திகளைக் கரையிலும் கடலிலும் உள்ள மீனவர்களிடம் தாமதமின்றிச் சேர்க்கும் முறைகள். கரையோரம் செல்பேசியும் இணையமும், ஆழ்கடலில் செயற்கைக்கோளும் இதற்குப் பயன்படுகின்றன. இணையச் செயலிகளில் இதற்குரிய முதன்மை நெறிமுறைகளுள் ஒன்று வெப்சாக்கெட்.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரத்திலும் பரந்திருக்கும் உவர்நீர் ஏரி. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ஏரியில் வலை கட்டும் இடமும் நாளும் ‘பாடு’ என்னும் முறைவைப்பால் முடிவாகின்றன. இந்தத் தகவலை ஊரே வைத்திருக்கிறது. மணல் அடைக்கும் முகத்துவாரம் தாண்டிக் கடலில் தொழில் செய்வோருக்குத்தான் வெளியிலிருந்து செய்தி வர வேண்டியிருக்கிறது. காற்றும் அலையும் போக, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாட்களில் விதிக்கப்படும் கடல் தடையும் அதில் அடங்கும்.

முன்னோடிகள்

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, 1 முதல் 11 வரை எண்ணிட்ட ஒருவழிச் செய்தி. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலைச் செய்தி வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்துக்கென அங்கு நிறுவப்பட்டிருந்த ஒலிபெருக்கியில் அதை அறிவித்ததால் மக்கள் தப்பினர்.

வெப்சாக்கெட் இயங்கும் விதம்

வழக்கமான இணையத்தில் உலாவி கேட்டால்தான் வழங்கி பதில் தரும். புதிய எச்சரிக்கை உண்டா என்று அறிய, சில நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். செல்பேசியின் மின்கலமும் டேட்டாவும் அதில் வீணாகும்.

வெப்சாக்கெட்டில் உலாவி முதலில் சாதாரண எச்டிடிபி கோரிக்கை ஒன்றை அனுப்பி, இணைப்பை வெப்சாக்கெட்டுக்கு மாற்றித் தரக் கேட்கிறது. வழங்கி 101 என்ற குறியீட்டால் இசைகிறது. அதன்பின் அதே இணைப்பு திறந்தே இருக்கும். இரு தரப்பும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஒவ்வொரு செய்திச் சட்டகத்துக்கும் 2 முதல் 14 பைட் வரையிலான தலைப்பே போதும். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணமாக இந்நெறிமுறை தரப்படுத்தப்பட்டது.

அலைவரிசை அறுந்தாலும் இணைப்பு உயிரோடிருப்பதுபோலத் தோன்றலாம். அதனால் வழங்கி அவ்வப்போது ‘பிங்’ அனுப்பும். மறுமுனை ‘பாங்’ என்று பதில் தராவிட்டால் இணைப்பு போனதாகக் கொள்ளலாம். அறுந்திருந்த நேரத்துச் செய்திகளை நெறிமுறை சேமித்து வைப்பதில்லை. செய்திகளுக்கு வரிசை எண் இட்டு, மீண்டும் இணைந்ததும் விடுபட்டவற்றைக் கேட்டுப் பெறும் ஏற்பாட்டைச் செயலியில்தான் செய்ய வேண்டும். எச்சரிக்கை மட்டும் போதுமென்றால் வழங்கியிலிருந்து ஒருவழியாகச் செய்தி வரும் எளிய முறைகளே போதும்; படகும் தன் இருப்பிடத்தைத் தொடர்ந்து சொல்ல வேண்டிய இடத்தில் வெப்சாக்கெட் பொருந்தும்.

அலைவரிசைக்கு அப்பால்

கரையிலிருந்து சுமார் 10–12 கி.மீ. தாண்டினால் செல்பேசி எட்டாது. அத்துடன் வெப்சாக்கெட்டும் நின்றுவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இந்தக் குறையைப் போக்க 2019 அக்டோபரில் ஜெமினி கருவி அறிமுகமானது. ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் புயல், அலை, மீன்வளப் பகுதித் தகவல்களை இது ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே பெற்று, புளூடூத் மூலம் செல்பேசிக்குத் தரும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப இதில் வழியில்லை.

இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி இதற்கு நேர்மாறாக, படகிலிருந்து கரைக்கு மட்டுமே குரல் கொடுத்தது. 2024இல் செயல்பாட்டுக்கு வந்த அதன் இரண்டாம் தலைமுறை, ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்ற ஒப்புதலையும் படகுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் 1,00,000 படகுகளுக்கு இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. தொழில்நுட்பம் வேறாயினும், வெப்சாக்கெட்டின் ‘பாங்’ செய்யும் வேலையையே ஆபத்து எச்சரிக்கைக் கருவியின் ஒப்புதலும் செய்கிறது: மறுமுனை இயங்குவதை உறுதிப்படுத்துகிறது.